சாவியக்கா காட்டாத நேரம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'சாவியக்கா' என்று கேட்டுப் பாருங்கள், பெட்டிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார். வாடகைக்கும் விலைக்கும் வீடு காட்டுவது அவள் தொழில். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. அவள் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். ஊரில் பாதி வீடுகளுக்குள் யாரையும் கேட்காமல் அவளால் நுழைய முடியும். நல்லவேளை, அவள் நல்லவள்.

வீடு என்றால் ஒரே மாதிரியா இருக்கிறது அந்தக் கடலோர ஊரில்? துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் பழைய ஓட்டு வீடுகள்: கனத்த சுவர், தெருப்பக்கம் சின்ன ஜன்னல், நடுவில் முற்றம். அவற்றுக்குப் பின்னால், ஊருக்கே கப்பல் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில் கட்டிய மாடி வீடுகள். மூலைகளை வளைத்து, பால்கனியைக் கப்பலின் மேல்தளம் மாதிரி உருட்டி, படிக்கட்டுச் சுவரில் வட்ட ஜன்னல் வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் வந்தவை எல்லாம் கான்கிரீட் டப்பாக்கள். ஜன்னலுக்கு மேலே நிழலுக்கு ஒரு பலகை நீட்டக்கூட அவற்றைக் கட்டியவர்களுக்கு மனசு வரவில்லை. கடைசியாக, கடலை மறைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிக் கட்டடம். "வெயில் ஊர்ல கண்ணாடி வீடு கட்டுனவனை ஒரு கோடை முழுக்க அதுக்குள்ளயே பூட்டி வைக்கணும்" என்பது சாவியக்காவின் தீர்ப்பு. அங்கேயும் சில வீடுகளின் சாவி அவளிடம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவளுடைய சாமர்த்தியமெல்லாம் நேரத்தில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல நேரம், ஒரு கெட்ட நேரம் உண்டு என்பாள். நாள் பார்ப்பவர்கள் சொல்லும் நேரம் இல்லை. வெயிலும் காற்றும் சொல்லும் நேரம். மேற்குப் பார்த்த டப்பா வீட்டைக் காலையில் மட்டும்தான் காட்டுவாள். பால்கனி வீட்டைச் சாயங்காலம், கடல் காற்று கிளம்பியதும். மொட்டை மாடி ஒழுகும் வீட்டுக்கு மழைக்காலத்தில் சாவியே கிடைக்காது, எங்கேயோ தொலைந்துபோயிருக்கும். பொய் சொல்ல மாட்டாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

இப்படி ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக்காரரிடம் பருப்பு வேகவில்லை.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை செய்த காலமெல்லாம் வானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டில் உட்கார்ந்திருந்தவர். குடியிருந்ததும் உருட்டுப் பால்கனி வீடு ஒன்றின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது, படிக்கட்டோ சுருள் சுருளாகப் போகும். அதிலேயே ஏறி இறங்கி முட்டி இரண்டும் போய்விட்டன. போன மழைக்காலத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். ஒரு வளைவில் நாற்காலி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் அந்தரத்தில் ஆட, கீழே நின்றவர்கள் 'ஐயோ ஐயோ' என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் வாயு" என்றார். சிரிக்காதவர்கள் இல்லை.

கப்பல் சரக்கையே தூக்கி இறக்கிய மனுஷனை நாலு பேர் சரக்கு மாதிரி இறக்கிவிட்டார்கள். அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை. அதற்கப்புறம் அவர் கீழே இறங்கவே இல்லை. தன்னிடம் இருந்த வாசல் சாவியையும் எடுத்து எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "வெளிய போறவங்களுக்குத்தானே சாவி. எனக்கு எதுக்கு?" என்றார்.

அப்போதுதான் துறைமுகச் சந்தில் ஒரு ஓட்டு வீடு வாடகைக்கு வந்தது. ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லை. வீட்டின் சொந்தக்காரர் அவளுக்குத் தெரிந்தவர். "திங்கக்கிழமை வேற ஒருத்தர் வர்றாங்கக்கா. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டா உங்களுக்குத்தான்" என்றார்.

"என்னங்க, ஒரு வீடு பார்த்திருக்கேன்" என்றாள் கணவரிடம்.

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"நமக்குத்தான் வீடு இருக்கே."

முட்டி போன மனுஷன் ஒற்றைக் காலில் நின்றார். அவள் சுவரின் கனத்தைச் சொன்னாள், முற்றத்தைச் சொன்னாள், அதில் விழும் வெளிச்சத்தைச் சொன்னாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில், "சும்மா பார்க்கவாவது வாங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் போனா..." என்று ஆரம்பித்தாள்.

அவர் சிரித்துவிட்டார். "யாருகிட்ட? இத்தனை வருஷமா ராத்திரி சோத்துக்குத் தொட்டுக்க இந்தக் கதையைத்தானே எனக்குப் போடுறே! எட்டு மணி அதுக்கு நல்ல நேரம். கெட்ட நேரம் எது?"

"அப்படி ஒண்ணும் கிடையாது."

"இப்படி வா." பால்கனிக்குக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். "அதோ, நடுவுல ஓட்டை விழுந்த சிவப்புக் கூரை. அதானே?"

அவள் குனிந்து பார்த்தாள். ஊரில் எந்த வாசலைக் கேட்டாலும் சொல்வாள்; கூரையை மேலிருந்து அவள் பார்த்ததே இல்லை. சந்து போகும் திசையையும் வேப்பமரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆமாம், அதேதான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாள் பூரா எனக்கு வேற என்ன வேலை? நாலு மணி ஆச்சுன்னா அந்தக் கண்ணாடிக் கட்டடம் மேற்கு வெயிலை வாங்கி அது தலையில கொட்டுது. நாலு மணிக்குக் காட்டுறதா இருந்தா வர்றேன். இல்லேன்னா ஆளை விடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது பலிக்கவில்லை. இருந்தாலும் 'வர்றேன்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே! அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெரு தூங்கும் மூன்று மணியாகப் பார்த்து, மேல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து இறங்கினார். அவருடைய கைத்தடியையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். தெரு தூங்கி என்ன பிரயோஜனம், முதல் மாடி அம்மா கதவைத் திறந்தாள்.

"என்னண்ணே இது?"

"படியெல்லாம் ஒழுங்கா துடைச்சிருக்காங்களான்னு பார்த்துட்டு வர்றேன்மா."

ஆட்டோ பிடித்துச் சந்துக்குப் போய் இறங்கினார்கள். அவள் கதவைத் திறந்ததும் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. முற்றம் அடுப்பில் வைத்த வாணலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே அசல் வெயில், கிழக்கே கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில். எந்தப் பக்கம் நின்றாலும் கண் கூசியது. காலையில் அவள் பார்த்து மயங்கிய வீடுதானா இது என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

அவர் உள்ளே கிடந்த பழைய நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் காலைல வரச் சொன்னியா?"

அவ்வளவுதான், அவளுக்குப் பொங்கிவிட்டது.

"ஆமா, உங்ககிட்ட பொய்தான் சொன்னேன். என்ன இப்ப? அன்னைக்கு உங்களை நாற்காலியில வெச்சு இறக்குனாங்களே, இந்தச் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நான் பின்னாலயே வந்தேன். இனிமே இதை நீங்க போடுவீங்களான்னு ஒவ்வொரு படியிலயும் நினைச்சேன். வாயுன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. வெளிய நின்னு யார் யாருக்கோ வீடு காட்டுறேன், மேல நீங்க விழுந்து கிடந்தா யாராவது சொல்லித்தானே எனக்குத் தெரியணும்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலையறேன். இந்த வீடுன்னா ஓடி வந்துடலாம். அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்துடுவேன்."

அவர் கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"நம்ம மாடி வீட்டுக்குக் கெட்ட நேரம் எது, தெரியுமா உனக்கு?" என்றார் கடைசியில்.

மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள், "மழைக்காலம். பால்கனி ஒழுகும்" என்றாள்.

"தொழில் புத்தி போகுதா பாரு! காலைல நீ சாவிக்கொத்தை எடுத்து இடுப்புல சொருகுற சத்தம் கேக்குமே, அதுலேருந்து சாயங்காலம் அதே சத்தம் படியேறி வர்ற வரைக்கும். நீ எந்தத் தெருவுல இருப்பேன்னு கூரை கூரையா தேடிக்கிட்டு இருப்பேன். எப்பவாவது உன் குடை தெரியும்."

ஊரில் உள்ள வீடுகளின் கெட்ட நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன் வீட்டுக்கு அது எப்போது வருகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த நேரத்தில்தான் அவள் வீட்டில் இருக்கவே மாட்டாளே. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடி வெயில் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறி, ஓட்டுக் கூரையைத் தாண்டி எங்கேயோ போனது. கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு லேசாக ஆடியது. காற்று வந்தது.

"இந்தச் சந்து எங்க போய் முட்டுது?"

"கடலோரச் சுவர்ல. வழியில மேடு பள்ளம் ஒண்ணும் இல்ல. இது பொய் இல்லைங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தடியை ஊன்றி எழுந்தார். அவளும் எழுந்தாள். "நீ இரு" என்றார்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து, சந்தின் கோடியில் திரும்பி மறைந்தார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை. வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் காற்றில் கலைந்து, அவர் திரும்பி வந்தார்.

"கிரேன் தெரியுது. இனிமே அண்ணாந்துதான் பார்க்கணும். பரவால்ல" என்றார். "திங்கக்கிழமை வர்றவங்களுக்கு வேற வீடு காட்டு."

அவள் கதவை இழுத்துப் பூட்டினாள். அவர் நகராமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்டுக்கு ரெண்டு சாவி இருக்குமே. ஒண்ணை எங்கிட்ட குடு."