குகட்பள்ளிப் பெட்ரோல்

என் கணவர் கடைசியாகப் போட்ட பெட்ரோல் இரண்டு வருடமாக அவருடைய மோட்டார் சைக்கிள் டேங்கில் அப்படியே இருந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓட்டியிருக்க மாட்டேன். ஓட்டினால் தீர்ந்துபோகும். மகன் போன் செய்யும்போதெல்லாம் "அதை வித்துடும்மா" என்று ஆரம்பிப்பான், நான் உடனே அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன். மாரெட்பள்ளியில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்தி அதை நிறுத்தியிருந்தேன். காய்கறிப் பையோடு வரும்போது விரல் முட்டியால் டேங்கைத் தட்டிப் பார்ப்பேன். நிறைந்த சத்தம் கேட்கும். அதன் பிறகு மாடி ஏறுவேன்.

அந்த வண்டி எங்கள் மகனைவிட இரண்டு வயது மூத்தது. ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த அவர், பிள்ளையின் மார்க் ஷீட்டைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை, வண்டியின் கார்புரேட்டரை அப்படிப் பார்ப்பார். பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று. போனில் அதைப் பற்றியே படித்தார். ஒருநாள் சமையலறைக்கு வந்தால், என் ஊறுகாய் பாட்டிலில் பாதி தண்ணீரும் மேலே பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏட்டி, இங்க வந்து பாரு. தண்ணி ஒரு கோடு ஏறிட்டு பாத்தியா? அம்புட்டும் எத்தனாலு. ரப்பரையெல்லாம் தின்னுரும்."

"ரப்பர் கிடக்கட்டும். இனிமே அந்த பாட்டில்ல நான் என்னத்த ஊறுகா போட? முதல்ல அடுப்புப் பக்கத்துல இருந்து எடுங்க அதை."

ஒரு வாரம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் அவர் விடையைக் கண்டுபிடித்துவிட்டார். நூறு ஆக்டேன் என்று ஒரு விலை கூடிய பெட்ரோல் இருக்கிறதாம். எங்கள் கிழட்டு வண்டிக்கு அந்த ஆக்டேன் தேவையே இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அதில் எத்தனால் கிடையாது, அதனால் அதுதான் வேண்டும். அது கிடைக்கிற இடம் ஊரின் மறுகோடியில், குகட்பள்ளியில் ஒரு பங்க்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

"பெட்ரோல் போடுததுக்குப் பெட்ரோல எரிச்சுக்கிட்டுப் போற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தருதான்" என்பேன்.

"நீ ஏறு" என்பார்.

போயின்பள்ளி தாண்டி, பாலாநகர் தாண்டி, லாரிப் புகையில் ஒரு பயணம். வீட்டில் நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், வண்டியில் ஏறினால் வாய் ஓயாது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுவார், பாதி காற்றில் போய்விடும். நான் எல்லாவற்றுக்கும் "ம்" சொல்வேன். சில சமயம் அவர் கேள்வி கேட்டிருப்பார், அதற்கும் "ம்" சொல்லி மாட்டிக்கொள்வேன். டேங்க் நிரம்பியதும் ஹவுசிங் போர்டு காலனி முனையில் ஒரு தள்ளுவண்டியில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். இட்லி கல் மாதிரி இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் குறை சொல்லிக்கொண்டே நாலு இட்லி சாப்பிடுவேன். காற்றில் போன அந்தப் பாதிப் பேச்சு இப்போது எனக்கு வேண்டும். என்ன சொன்னார் என்று கேட்டிருக்க வேண்டும், நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசி ஞாயிறன்று நான் வடகத்துக்கு மாவு கிண்டி வைத்திருந்தேன். வெயில் ஏறும் முன் மொட்டை மாடியில் பிழிந்தாக வேண்டும். பழக்க தோஷத்தில் வண்டியில் ஏறிவிட்டேன், தெரு முனைக்கு வருவதற்குள் மாவு ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே ஒரு பங்க் இருக்கிறது.

"இன்னைக்கு இங்கயே போடுங்க. ஒருநாள் சாதா போட்டா வண்டி என்ன செத்தா போயிரும்?"

அவர் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினார். அங்கே நின்றவர் எந்தப் பெட்ரோல் சார் என்று தெலுங்கில் கேட்டார். இவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு "சாதா, ஃபுல்" என்றார். பத்தே நிமிடத்தில் வீடு திரும்பினோம். வடகம் நன்றாகக் காய்ந்தது. புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எல்லோரும் வந்து போன பிறகு எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஆறுதலாக இருந்தது. டேங்க் நிறைந்திருந்தது. காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ஓடாமல் நிறுத்துகிற வண்டிக்கு டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டும், உள்ளே காற்று இருந்தால் துரு ஏறும், இதுதான் அங்கே எங்களுக்குப் பாடம். எத்தனை வண்டிகளுக்கு அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்! அதனால் அவர் போட்ட பெட்ரோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். என் வேலை எனக்குத் தெரியும் என்ற திமிரும் இருந்தது.

இந்த மழைக்காலத்தில் வாட்ச்மேன் வந்து கீழே பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றார். ஓடிப்போய்த் தார்ப்பாயை விலக்கினேன். வண்டிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மெக்கானிக்கை வரச்சொன்னேன். மெக்கானிக்குடையது, தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். தமிழோடு இந்த ஊர் உருதுவும் கலந்துதான் பேசுவார். வருடக்கணக்காக இந்த வண்டியைப் பார்ப்பவர் அவர்தான்.

"ஹவ் மேடம், பைப்பு ஊறிப்போச்சு. கையில புடிச்சா பிய்யுது பாருங்க."

தண்ணீர் கேன் ஒன்றை வெட்டி, டேங்கிலிருந்ததை அதில் இறக்கினார். மேலே ஒரு நிறம், அடியில் கலங்கிய டீ மாதிரி இன்னொரு நிறம். நடுவில் தெளிவாக ஒரு கோடு. டார்ச் அடித்து டேங்குக்குள்ளே காட்டினார். உள்ளே முழுக்கத் துரு.

"ஃபுல் டேங்க் போட்டு யாரு நிறுத்தச் சொன்னது மேடம்?"

"முப்பது வருஷம் ஸ்டோர்ஸ்ல இருந்தவ சொன்னேன்" என்று கத்தினேன்.

"அது பழைய பெட்ரோலுக்கு. இது கலப்பு. மாசக்கணக்கா நிறுத்துனா ஈரத்தை இழுத்துக்கும். அப்புறம் தண்ணியும் எத்தனாலும் சேந்து கீழ எறங்கிடும். டேங்கை அதுதான் தின்னுச்சு."

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "நக்கோ மேடம், வேணாம், வீட்ல வெக்கிற சாமானா இது?" என்று மெதுவாகத்தான் சொன்னார். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்திரமாக வைக்கிறேன் என்று நினைத்து, அவர் விட்டுப்போன ஒன்றை நானே கெடுத்திருக்கிறேன்.

மெக்கானிக் நான் ஓய்கிறவரை காத்திருந்தார். டேங்கைச் சுத்தம் செய்து, பைப் மாற்றி, வண்டியை எழுப்பிவிடலாம் என்றார். "எந்தப் பெட்ரோல் போடட்டும்?"

"எத்தனால் இல்லாதது. குகட்பள்ளிக்குப் போய்ப் போட்டுட்டு வாங்க. சார் அங்கதான் போடுவாரு."

"அதுக்குக் குகட்பள்ளி கைக்கு மேடம், ஏன் அவ்ளோ தூரம்? நம்ம தெரு முனை பங்க்லயே இருக்கே. இன்னிக்கு நேத்தா வருது? வருஷக்கணக்கா இருக்கு."

"சாருக்கு அது தெரியாது போல."

"தெரியாமயா? நானே சொன்னேன். 'தெரியும்வே, வீட்ல சொல்லிப்புடாத'ன்னு சிரிச்சாரு."

மெக்கானிக் டேங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஈரத் தரைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஞாயிறன்று அவருக்கு வேண்டிய பெட்ரோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் காதுபட அவர் அதைக் கேட்டிருந்தால், அடுத்த ஞாயிறு குகட்பள்ளிக்குப் போக அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்காது. அதனால், உயிராக வைத்திருந்த வண்டிக்கு, ஆகாத பெட்ரோலைத் தெரிந்தே போட்டிருக்கிறார்.

சும்மா, ஒரு சுற்றுப் போய்விட்டு வருவோம் என்று கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். நினைத்தது சரிதான். வீட்டில் வேலை கிடக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.