நீட்டி ஒரு ‘ம்’

அந்தத் துணிக்கடையின் இரண்டாம் மாடியில், மூன்றாவது ட்ரையல் ரூமுக்கு வெளியே நிற்கிறவளை எல்லோரும் ராசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பேச்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற பெண்கள், “சூப்பர் மேடம், உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு” என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார்கள். இவள் அறைக்குள் போவாள், வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள், எதிரே உள்ள கண்ணாடியைப் பார்ப்பாள், “ம்” என்பாள். அத்தோடு சரி.

ஆனால் அந்த ‘ம்’ இரண்டு ரகம். பிடிக்காவிட்டால் வெடுக்கென்று ஒரு சின்ன ம். பிடித்துவிட்டால் நீட்டி, ராகம் போட்டு, “ம்ம்ம்.” சின்ன ம் வாங்கியவர்கள் மறுபேச்சு இல்லாமல் கழற்றிக் கொடுப்பார்கள். அது அபூர்வம்தான். நீட்டின ம் வாங்கியவர்கள் விலைச்சீட்டைக்கூடப் பார்க்காமல் பில் போடப் போவார்கள். பக்கத்து அறைகள் காலியாகக் கிடக்க, மூன்றாவது அறைக்கு வரிசை நிற்கும். தான் வாய் கூசாமல் புகழ்ந்து விற்கிறவள் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன!

வீட்டில் நிலவரம் வேறு. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். யூனிஃபார்ம் தவிர வேறு உடுப்பைப் பற்றி அவருக்குக் கருத்தே கிடையாது. ஒரே மகள் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பாளர். கொஞ்சம் பூசின உடம்பு. வாஷ்பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும் என்பதால், கழுத்துக்குக் கீழே உள்ள சமாசாரங்களை அவள் அம்மாவிடம்தான் கேட்டாக வேண்டும். அம்மா எதிரே வந்து நின்று, தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பாள். வெடுக்கென்று ஒரு சின்ன ம் விழும்.

“ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நீட்டி முழக்கற. பெத்த பொண்ணுக்கு மட்டும் ஏம்மா இப்படி?”

“உள்ளதத்தானேடி சொல்றேன்.”

மகள் கேட்பதையே விட்டுவிட்டாள். தொளதொளவென்று ஒரு கறுப்புச் சட்டை, அதற்கு மாற்றாக அதே மாதிரி இன்னொன்று. அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் பெற்ற பெண்ணிடம் எப்படிப் பொய் சொல்வது?

இந்த நேரம் பார்த்துக் கடைக்கு முதலாளியின் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? ‘கடைக்குள்ள நுழைஞ்சா ஒரு ஃபீல் வரணும்’ என்றார். வெள்ளை வெளேரென்று விளக்கு வந்தது, தூக்கம் வரவழைக்கிற இசை வந்தது, என்னவென்று பிடிபடாத ஒரு வாசனை வந்தது. வாசலில் தண்ணீர் தட்டோடு சிரிப்பதற்கென்றே இரண்டு பேர் வந்தார்கள். ட்ரையல் ரூம்களில் புத்தம்புதுக் கண்ணாடிகள் மாட்டினார்கள். பழையவற்றை வேண்டுமென்றால் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ராசியக்கா தன் மூன்றாவது அறைக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏற்றவே கூடாது என்று வீட்டுக்காரர் ஓட்டுநர் என்ற முறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அது டெம்போவில் வீடு வந்து கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது.

கடையில் என்ன ஆயிற்று என்றால், கூட்டம் முன்னைவிட அதிகமாகவே வந்தது. வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், சோபாவைத் தடவிப் பார்த்தார்கள், கை நிறைய உடுப்புகளோடு ட்ரையல் ரூமுக்குள் போனார்கள். வெளியே வரும்போது டாக்டரிடம் ரிப்போர்ட் காட்டிவிட்டு வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். ராசியக்காவின் வாயிலும் நீட்டின ம் வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் சின்ன ம்தான் வந்தது. ஜனங்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் எப்படிப் பெருத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

“இந்தம்மா ம் சொல்லியே கடைய மூடிடுவாங்க போல” என்றார் மாப்பிள்ளை. இன்னும் ஒரு வாரம் பார்ப்பது, தேறாவிட்டால் அவளைக் கீழ்த்தளத்துப் பேக்கிங் மேஜைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அவள் சொல்லுக்கு மதிப்பிருந்த ஒரே இடம் அந்த அறைவாசல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் எப்போதோ வாங்கி ஒளித்து வைத்திருந்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்றாள். துவைத்த துணி வாளியோடு பின்னால் வந்த அம்மா, தொழில் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தாள்.

“ம்ம்ம்.”

மகள் சட்டென்று திரும்பினாள். “என்ன சொன்ன?”

“ம்ம்ம்னேன்.”

“எனக்கா?” கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இன்னொரு தரம் சொல்லும்மா.”

அம்மா மகளைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் நின்றவள் இவளைவிட ஒரு சுற்று மெலிவு, கொஞ்சம் உயரமும்கூட. வாளியை மெல்லக் கீழே வைத்தாள். அடப்பாவி கண்ணாடியே! இத்தனை காலம் ராசி ராசி என்றார்களே, அது இதன் கோணலா? யோசித்துப் பார்த்தால், ஒரு வாடிக்கையாளரையாவது அவள் நேருக்கு நேர் பார்த்ததில்லை. எல்லோரையும் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்ததோடு சரி. அவள் பொய்யே சொல்லவில்லை. அந்த வேலையை அவளுக்காகக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவமானத்தில் காது சுட்டது, சிரிப்பும் வந்தது.

திங்கட்கிழமை மகள் நீலக் கவுனில் வேலைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை, பீரோவின் அடித்தட்டில் கிடந்த மஞ்சள் கவுன் வெளியே வந்தது. முதுகை நிமிர்த்தி நடந்தாள். தினமும் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாள். அம்மா பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வாரக் கடைசியில் முதலாளியே மாடியேறி வந்தார். “ஏம்மா, உன் ரூம் பழைய கண்ணாடி உன்கிட்டதானே இருக்கு? அதக் கொண்டு வா, பழைய எடத்துலயே மாட்டிருவோம். ராசி அதோட போயிருச்சோ என்னவோ. மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன், நீ இங்கயே இரு.”

கொண்டுவந்து கொடுத்தால் போதும். அறைவாசல், வரிசை, பெயர் எல்லாம் திரும்பிவிடும். அவள் அறைக்குள் இருந்த புதுக் கண்ணாடியை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

“அது ஒடஞ்சு போச்சுங்களே.”

“எப்படி?”

“பஸ்ஸுல எடுத்துட்டுப் போனோம்ங்க. எங்க வீட்டுக்காரர் பிரேக் போட்டுட்டாரு.”

அந்தக் கடையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. பிசிறில்லாமல் வந்தது.

பேக்கிங் மேஜை இருந்த கீழ்த்தளத்தில் இசையும் இல்லை, வாசனையும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அங்கே யாரும் யாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. அங்கே அனுப்பப்பட்ட முதல் நாள் முழுக்க மடித்து மடித்துப் பையில் போட்டாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது.

மறுநாள் காலை மகள் நீலக் கவுனில் வந்து நின்றாள். “எப்படிம்மா இருக்கு?”

அம்மா வழக்கம்போலப் பின்னால் போகவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, மகளை நேராகப் பார்த்தாள். அதே பூசின உடம்பு, அதே இடுப்பு. சின்ன ம் எங்கே வந்து விழுந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. மகள் மோவாயை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

“ம்ம்ம்.”

“கண்ணாடியப் பாக்காமலே சொல்ற?”

“அதுல தூசி படிஞ்சிருக்கு” என்றாள் அம்மா. “கெளம்புடி, நேரமாச்சு.”