எடை பார்த்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கம்பம் ஊரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். நொடிக்குப் பலமுறை படத்தைப் புதுப்பிக்கும், அதிக ரெஃப்ரெஷ் ரேட் கொண்ட புது மானிட்டருக்கு என் பழைய கிராபிக்ஸ் கார்டு ஈடுகொடுக்கவில்லை. மதுரைக்குப் போய், மலிவானவற்றில் கைக்குக் கனமாக இருந்ததை வாங்கி வந்தேன். திராட்சைகூட அப்படி வாங்கியதில்லை!

மாட்டி சுவிட்சைப் போட்டதும் 'டப்'பென்று வெடித்துப் புகை வந்தது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு கல்யாணம் முழுக்க இருந்தது. அதைப் படம்பிடித்த கேசட்டிலோ, அதன் மேலேயே அடுத்து வந்த காதுகுத்தைப் பதிவுசெய்துவிட்டிருந்தேன்.

"ஏங்க, பொண்ணு வீட்டுக்காரக வந்திருக்காக. மறுபடி தாலி கட்டச் சொல்லிரவா?" என்றாள் மனைவி. வழக்கமாக அவள் கிண்டலுக்குச் சிரிப்பவன், கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏண்ணே, இந்தக் கார்டு கேக்குற கரண்ட இந்தப் பழைய பவர் சப்ளை தாங்குமா?" என்று திட்டிக்கொண்டே சர்வீஸ்காரர் வெடித்த பவர் சப்ளையை மாற்றினார். நல்லவேளை, ஹார்டு டிஸ்க் பிழைத்தது.

இப்போது பவர் சப்ளையின் வாட்ஸைப் பார்த்துத்தான் கார்டு வாங்குகிறேன். டிவிடியில் நகலெடுக்காமல் கேபினெட் திருகில் கைவைப்பதே இல்லை.