வாஷிங் மெஷினுக்கு வந்த 9H நோய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டெல்லியில் போர்வைக்குள்ளிருந்து காலை வெளியே நீட்டவே யோசிக்கிற ஒரு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். எனக்கு விமான நிலையத்தில் வேலை. விமானங்களைப் பரிசோதித்துப் பழுது பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

எங்கள் வேலையில் ஒரு கறாரான சட்டம் உண்டு. ஒரு திருகை ஆயிரம் தடவை கழற்றியிருந்தாலும் சரி, ஆயிரத்தோராவது தடவையும் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். “எனக்கு மனப்பாடம்” என்று எவனாவது வாய்விட்டால் தொலைந்தான். இந்தப் பெருமையை நான் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். அதற்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று காலை பதினோரு மணிக்கு என் மகளுக்குக் கராத்தே போட்டி. அப்போது அவளுக்குப் பத்து வயது. ஆறு மாதமாக அந்தப் போட்டியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தூங்கும்போதுகூட உதைப்பாள், பக்கத்தில் படுத்த எனக்குத்தான் தெரியும். அவளிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளை உடை. அதன் நெஞ்சிலே, முந்தின நாள் பயிற்சி முடிந்து சமோசா தின்றபோது கொட்டிய சிவப்புச் சட்னி. அதை அவள் காலை ஆறு மணிக்குத்தான் எங்களிடம் காட்டினாள். உடையில் அழுக்கு இருந்தால் அவளுடைய மாஸ்டர் போட்டிக்கு விடவே மாட்டாராம்.

“அழாதே, நான் இருக்கேன்ல” என்று உடையைப் பால்கனியில் இருக்கிற வாஷிங் மெஷினில் போட்டேன். சீக்கிரம் துவைக்க வேண்டுமே! கடிகாரப் படம் போட்ட ஒரு பட்டன் தெரிந்தது. சீக்கிரத்துக்குத்தான் கடிகாரம் போட்டிருக்கிறான் என்று நினைத்து, இன்னும் சீக்கிரம் ஆகட்டும் என்ற ஆசையில் நாலைந்து தடவை அழுத்தி, ஸ்டார்ட்டையும் அழுத்தினேன். டக்கென்று கதவு பூட்டிக்கொண்டது. அவ்வளவுதான். மெஷின் சுற்றவில்லை, தண்ணீர் எடுக்கவில்லை. திரையில் மட்டும் 9H என்று எரிந்தது.

எந்தப் பட்டனை அழுத்தினாலும் பீப் என்றது. கதவு திறக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடியும் 9H.

செல்போனை எடுத்தேன். வாஷிங் மெஷின், 9H என்று தட்டியதும் வந்து விழுந்தன பாருங்கள் விடைகள்! சென்சார் போய்விட்டது என்றான் ஒருவன். போர்டு எரிந்துவிட்டது என்றான் இன்னொருவன். புது மெஷின் வாங்குங்கள் என்று விளம்பரமே வந்தது. இதற்குள் மணி ஏழாகி, திரையில் 9H போய் 8H வந்தது. வியாதி முற்றிவிட்டது என்று பயந்து 8H என்றும் தேடினேன். அதற்கும் விடை வைத்திருந்தார்கள்! இந்தியில் ஒரு வீடியோ. முறுக்கு மீசை வைத்த ஒரு பையா, அதாவது அண்ணன், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னார். கீழே ஆளாளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தண்ணீர்க் குழாயின் வாயில் இருக்கும் வலை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துக் கழுவ வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம். இந்தியில் வலைக்கு ஜாலி என்று பெயர், நிகாலோ என்றால் வெளியே எடு. போனிலிருந்து “ஜாலி நிகாலோ, ஜாலி நிகாலோ” என்று சத்தமாகக் கேட்டதும் அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஊர் திருநெல்வேலி. டெல்லிக்கு வந்து பதிமூன்று வருடமாகியும் வாய் அங்கேதான் இருக்கிறது.

“பிள்ளை அங்க அழுதுக்கிட்டு இருக்கா, உங்களுக்கு என்ன ஜாலி வேண்டிக் கிடக்கு? பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.”

“ஞாயித்துக்கிழமை காலையில எவன் வருவான்? ஏரோப்பிளேனையே பார்க்கிறவன், இது என்ன பிரமாதம்?”

“எதுக்கும் மெஷின்கூட வந்த புக்கை எடுத்துப் பாத்துட்டு...”

“எல்லாம் போன்லயே இருக்கு, நீ போ” என்று விரட்டிவிட்டேன்.

வீடியோக்காரர் அடுத்ததாக, “சீதே ஹாத் வாலா நல் பந்த் கரோ” என்றார். ஹாத் என்றால் கை, நல் என்றால் குழாய், பந்த் கரோ என்றால் மூடு. சீதா என்றால்? டெல்லிக்கு வந்த முதல் நாளே ஆட்டோக்காரரிடம் சொல்லக் கற்றுக்கொண்ட வார்த்தையாயிற்றே! சீதா போ, அதாவது நேராகப் போ. எங்கள் பால்கனிச் சுவரில் மூன்று குழாய்கள் உண்டு. எனக்கு நேராக, கைக்கு எட்டுகிற மாதிரி இருந்த நடுக் குழாயை நன்றாக மூடினேன். மெஷினுக்குப் போகிற குழாய் அதுதானா என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். விமானத்தில் என்றால் டார்ச் அடித்துப் பார்த்திருப்பேன். இங்கேதான் பையா சொல்லிவிட்டாரே!

மின்சாரத்தை மட்டும் அணைத்தேன், அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. மெஷினின் பின்பக்கம் குழாயைத் திருகிக் கழற்றினேன்.

ஜனவரி மாதத்து டெல்லித் தண்ணீரை யாராவது முகத்தில் வாங்கியிருக்கிறீர்களா? ஒரு விநாடி மூச்சே நின்றுவிட்டது. மூக்குக் கண்ணாடி பறந்தது. உள்ளங்கையால் குழாயைப் பொத்தினால் விரலிடுக்கு வழியாக நாலு பக்கமும் பீய்ச்சியது. கூரையில் பட்டது, கொடியில் பட்டது, கம்பி வழியாகக் கீழ் வீட்டுக்கும் பாய்ந்தது. அங்கே பால்கனியில், மூன்று நாள் மூடுபனிக்குப் பிறகு எட்டிப் பார்த்த வெயிலில், பஞ்சாபி ஆன்ட்டி தன் ரஜாயை, அந்தப் பெரிய பஞ்சு மெத்தைப் போர்வையை, அப்போதுதான் காயப் போட்டிருந்தார்.

“அரே! ஊபர் க்யா ஹோ ரஹா ஹை?” மேலே என்ன நடக்கிறது என்று அதட்டுகிற குரல் கேட்டது. குரலுக்குப் பின்னாலேயே ஆன்ட்டியும் படியேறி வந்துவிட்டார்.

ஓடி வந்த என் மகள், “அப்பா, நல் பந்த் கரோ!” என்று கத்தினாள்.

“மூடிட்டேம்மா! அவர் சொன்ன சீதா ஹாத் குழாயைத்தான் மூடியிருக்கேன்!”

“ஐயோ அப்பா! சீதா ஹாத்னா ரைட் ஹேண்ட்!”

டெல்லியிலேயே பிறந்த பிள்ளை. தமிழில் தடுமாறுவாள், இந்தியில் புலி. சீதா என்றால் நேர்தான், ஆனால் சீதா ஹாத் என்றால் வலது கையாம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஆன்ட்டி என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு வலது கைப் பக்கம் இருந்த குழாயை ஒரே திருகில் மூடினார். நான் மூடி வைத்திருந்தது எங்கள் குடிதண்ணீர்க் குழாயை.

எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றோம். மணி எட்டே முக்கால். மகள் அழவில்லை. மெஷினின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே கிடந்த உடையைப் பார்த்துக்கொண்டே, “நான் போகலைப்பா, பரவாயில்லை” என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாம் எதற்கு இருக்கிறோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

“மெஷின்கூட வந்த அந்தப் புக் எங்கே?” என்று மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டேன்.

“என்கிட்டயா கேக்குதிய? மெஷின் ஆடுதுன்னு நீங்கதான அதை மடிச்சுக் காலுக்கு அடியில சொருகுனிய!”

உண்மைதான். வாங்கிய அன்றைக்கே, பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் நான்தான் சொருகியிருந்தேன். ஆன்ட்டியும் என் மனைவியும் மெஷினைச் சாய்த்துப் பிடிக்க, நான் தரையோடு படுத்து அதை உருவினேன். அத்தனை தண்ணீரிலும் உள்ளே ஒரு பக்கம்கூட நனையவில்லை. மனைவி என் கைக்குக் கொடுக்காமல் அவளே புரட்டினாள். படிக்கப் படிக்க அவள் முகம் போன போக்கே சரியில்லை.

“இது ரிப்பேரே இல்லையாம். ஒன்பது H-ன்னா ஒன்பது மணி நேரம் கழிச்சுத் துவைச்சு முடிக்குமாம். கடிகாரப் பட்டனை அழுத்துனா அப்படித்தான் காட்டுமாம். வேண்டாம்னா பவர் பட்டனை மூணு செகண்ட் விடாம அழுத்தணுமாம்.” பிறகு என்னைப் பார்த்தாள். “கடிகாரப் பட்டனை யாரு அழுத்துனது?”

நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

சுவிட்சுப் பலகையெல்லாம் நன்றாகத் துடைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் டக்கென்று கதவு திறந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. எங்கள் பால்கனியில் அன்றைக்குக் காய்ந்திருந்த ஒரே துணி அந்தக் கராத்தே உடைதான்! சட்னி மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

ஆன்ட்டி ரஜாயை மறந்துவிட்டார். “லாவோ, இதர் லாவோ”, இங்கே கொடு என்று உடையைப் பிடுங்கிக்கொண்டு கீழே போனார். கறை பட்ட இடத்தை மட்டும் சோப்புப் போட்டுக் கசக்கி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அரை மணியில் மொடமொடவென்று கொண்டுவந்து என் மகளுக்கு மாட்டிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன் என்று இந்தியில் சொன்னார். சொன்னபடியே கவனித்தார். அந்த ரஜாய் காய நாலு நாள் ஆயிற்று. டியூட்டி முடிந்து வந்து தினமும் அதைத் திருப்பிப் போட்டது நான்தான்.

போட்டிக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். முதல் சுற்றில் மகள் ஜெயித்தாள், இரண்டாவதில் தோற்றாள். அந்தத் தோல்வியில் மட்டும் எனக்குப் பங்கில்லை.

அந்த வீடியோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மெஷினுக்கு, அவருடைய சுவருக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். என் மெஷினைப் பற்றி எழுதிய புத்தகம் அதன் காலடியிலேயே கிடக்க, ஊர் பேர் தெரியாதவரை நம்பிக் குழாயைக் கழற்றியது நான்தான்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் என் தோளில் சாய்ந்திருந்த மகள் திடீரென்று நிமிர்ந்து, “அப்பா, பிளேனையும் நீங்க இப்படித்தான் ரிப்பேர் பண்ணுவீங்களா?” என்று கேட்டாள்.

கிண்டலுக்குக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கோடை விடுமுறைக்கு விமானத்தில் ஊருக்குப் போக வேண்டியவள் அவள், நிஜமான பயத்தோடு கேட்டாள். பக்கத்திலிருந்த மனைவிகூடச் சிரிக்கவில்லை. “இல்லடா, அங்க புக்கைப் பார்த்துதான்” என்றேன். “அப்போ எனக்கு மட்டும் ஏன் பார்க்கல?” என்றாள். இன்றைக்கும் வீட்டில் ஒரு திருகைத் தொடும் முன்னால் நான் புத்தகத்தைத் தேடி எடுப்பது அந்தக் கேள்வியால்தான்.