கால்வே வரை

டார்ம்ஸ்டாட்டில் படித்த எங்களைப் போன்றவர்களுக்குக் கனகவல்லி என்றால் ஞாயிற்றுக்கிழமை வற்றல் குழம்பு. பல்கலைக்கழக உணவகத்தில் வாரம் முழுக்க உருளைக்கிழங்கு தின்று நாக்குச் செத்தவர்கள், அவருடைய தம்பி சந்திரமௌலியின் வீட்டுக்கு நண்பர்கள் என்ற பெயரில் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுத் திரும்புவோம். பரிமாறுகிறவள் கிரிஜா, சந்திரமௌலியின் மனைவி. சமைத்தவர் சமையலறையிலேயே இருப்பார். அவர் ஏன் வெளியே வருவதில்லை என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை. கேட்கத் தேவை இல்லாத அளவுக்கு எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

கும்பகோணத்தில் பத்தொன்பது வயதில் கணவனை இழந்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்தது அவர்தான். தம்பி படித்து ஜெர்மனிக்கு வந்து, அச்சு இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன் ஆனான். அறுபத்தாறில் குழந்தை பிறந்தபோது அக்காவை வரவழைத்துக்கொண்டான். குழந்தை வளர்ந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. திரும்பிப் போக ஊரில் அவருக்கு ஒரு வீடு இருந்ததாகவும் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் சந்திரமௌலி வேலைக்குக் கிளம்பும்போது கனகவல்லி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கிரிஜா தண்ணீர்க் குவளையோடு எதிரே வருவாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கனகவல்லி கூடத்துக்கு வரலாம். புறப்படுகிறவன் கண்ணில் விதவை பட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். இயந்திரத்தில் ஒரு தலைமயிர் அளவு பிசகு தெரிந்தாலும் ஏன், எப்படி என்று குடைந்தெடுக்கிற ஆள் சந்திரமௌலி. தனக்குச் சோறு ஊட்டி வளர்த்த முகம் எப்படிக் கேடு விளைவிக்கும் என்று மட்டும் அவன் ஒருநாளும் குடைந்து பார்க்கவில்லை. படிப்பு அறிவைத் தரும் என்று நம்புகிறவர்கள் எங்கள் நாட்டுப் பட்டதாரிகளை ஒரு வாரம் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

அதே வீட்டின் தரைத்தளத்தில் வீட்டுக்காரி லோரென்ஸ் அம்மாள் இருந்தார். அவரும் விதவை. கணவர் குர்ட் போர் விமானத்தில் இருந்தவர். நாற்பத்தொன்றில் இங்கிலாந்தின் மேல் குண்டு வீசப் போன விமானம் மூடுபனியில் வழி தவறி அயர்லாந்தின் ஒரு மலையில் மோதியது. அங்கங்கே புதைக்கப்பட்டிருந்த ஜெர்மானியர்களைப் பிற்பாடு விக்லோ மலைகளில் கிளென்க்ரீ என்ற இடத்தில் ஒரே மயானத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். லோரென்ஸ் அம்மாளுக்கு ஒரு புகைப்படம் வந்தது. வரிசையாகக் கற்கள். எந்தக் கல்லில் எந்தப் பெயர் என்று படிக்க முடியாத தூரத்திலிருந்து எடுத்த படம்.

"குண்டு போடப் போனவரா?" என்று கனகவல்லி ஒருமுறை கேட்டுவிட்டார். அக்கம்பக்கத்தில் பேசிப் பழகிய ஜெர்மன் அவருடையது. எதையும் சுற்றிவளைத்துச் சொல்ல அதில் இடமில்லை.

"ஆமாம். போட்டிருந்தால் யாரோ ஒருத்தி என்னைப்போல் ஆகியிருப்பாள்," என்றார் லோரென்ஸ் அம்மாள். "அனுப்பினவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்."

லோரென்ஸ் அம்மாளுக்குக் கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வந்தது. ஒன்றிரண்டு வருடம் தாங்கும், அதற்கு மேல் உறுதி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தன்னுடைய பழைய ஃபோக்ஸ்வாகனை அவரால் இனி ஓட்ட முடியாது. ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். கனகவல்லியை ஓட்டுநர் பள்ளியில் சேர்த்தார். கண் மருத்துவரிடம் அழைத்துப்போக ஆள் வேண்டும் என்று வீட்டுக்காரி கேட்கும்போது சந்திரமௌலியால் மறுக்க முடியவில்லை. நாற்பத்திரண்டு வயதில், ஒன்பது கெஜப் புடவைக்கு மேல் தம்பியின் பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, கனகவல்லி இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை உரிமம் வாங்கினார்.

"இனிமேல் அயர்லாந்து," என்றார் லோரென்ஸ் அம்மாள். "கண் போவதற்குள் குர்ட்டின் பெயரை நான் படிக்க வேண்டும்."

எழுபத்துநாலாம் வருடக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் தரைத்தளத்துச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரான்சில் லெ ஹாவ்ர் துறைமுகம் வரை காரில். அங்கிருந்து காரோடு கப்பல். ரோஸ்லேரில் இறங்கி ஒரு வாரம் ஊர் சுற்றுவது.

"இறங்கினதும் கிளென்க்ரீ பக்கம்தானே? நேரா அங்கே போயிடலாம்," என்றார் கனகவல்லி. "முக்கியமான காரியத்தை முதல்ல முடிச்சுடணும்."

"வேண்டாம். அது கடைசி நாள். முப்பது வருஷமாக அவர் எந்த நாட்டில் கிடக்கிறார் என்று முதலில் பார்க்கிறேன். அப்புறம் அவரைப் பார்க்கிறேன்."

அப்படியே முடிவாயிற்று. கார்க், கெர்ரி, லிமெரிக், கிளேர் கடற்கரை, கால்வே. கால்வேயிலிருந்து நாட்டைக் குறுக்கே கடந்து கிளென்க்ரீ.

"அங்கே இடது பக்கம் ஓட்ட வேண்டும், தெரியுமா? உன் ஊரில் கார் ஓட்டியிருக்கிறாயா?"

"மாட்டு வண்டியில உட்கார்ந்திருக்கேன். அதுவும் இடது பக்கம்தான் போகும்."

லோரென்ஸ் அம்மாள் சிரித்த சிரிப்பு மாடிக்குக் கேட்டதாகக் கிரிஜா சொன்னாள். கனகவல்லி புளிக்காய்ச்சல் காய்ச்சி ஜாடியில் அடைத்தார். அயர்லாந்தில் என்ன கிடைக்குமோ, முட்டை கலக்காத ரொட்டியாவது கிடைக்குமா என்ற கவலை அவருக்கு. ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பு வாங்கினார். பருப்புப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த லோரென்ஸ் அம்மாள் கண்ணில் நீர் வர, "இதைப் போட்டிருந்தால் இங்கிலாந்து சரணடைந்திருக்கும்," என்றார்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. அன்றைக்கே சந்திரமௌலிக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பெரிய வேலைக்கு நேர்முகம். முதல் நாளே அவன் சொல்லிவிட்டான்.

"அக்கா, நான் ஏழு மணிக்குப் போயிடறேன். ராகு காலம் ஏழரைக்கு. நான் போனப்புறம் நீ இறங்கு. என்ன?"

"சரிடா. நீ போனதுக்கு அப்புறமே போறேன்."

மறுநாள் காலை அவன் நெற்றியில் திருநீறு இட்டு, சாமி படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்து, காலணியும் போட்டாயிற்று. அப்போது சான்றிதழ் உறை ஒன்றைக் காணவில்லை. கிரிஜாவும் அவனுமாகத் தேடினார்கள். கிடைத்தபோது சுவர்க்கடிகாரம் ஏழரையைத் தாண்டியிருந்தது.

"போச்சு. இனி ஒம்பது மணிக்குத்தான்," என்று கூடத்து நாற்காலியில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

சமையலறையிலிருந்து வெளியேற அந்தக் கூடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. கனகவல்லி கோட்டும் கைப்பையுமாகக் கதவுக்குப் பின்னால் நின்றார். கார்ச் சாவி அவர் கையில்.

"மௌலி, அந்த அம்மா கீழே கார்ல உட்கார்ந்துண்டிருக்காடா. நீ கொஞ்சம் உள்ளே போய் இரேன். நான் ஓடிப் போயிடறேன்."

"புறப்பட்டு உட்கார்ந்தவன் உள்ளே போகப்படாது. சாமி கும்பிட்டாச்சு, காலணி போட்டாச்சு. ஒன்றரை மணி நேரம்தானே? கப்பல் நாளைக்குத்தான்னு நீதானே சொன்னே?"

"பாவம்டா, காத்துண்டிருக்கா."

"என் வாழ்க்கைக் காரியம் அக்கா இது. உனக்குத் தெரியாததா?"

கிரிஜா ஜன்னலைத் திறந்து, கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினாள். கீழே காரிலிருந்து பார்த்த கண்ணுக்கு ஜன்னல் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். சிறிது நேரம் கழித்து ஹாரன் ஒருமுறை ஒலித்தது. பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் நீளமாக.

ஒரு படி எடுத்து வைத்திருந்தால் போதும். கனகவல்லி எடுத்து வைக்கவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அந்த உடம்பைப் பழக்கியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நில் என்றால் கார் ஓட்டத் தெரிந்த காலும் நின்றது. தம்பியின் காரியம் கெட்டுவிடும் என்று அவரே நம்பினார் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அநியாயத்தின் ஆகப் பெரிய வெற்றி, பாதிக்கப்பட்டவரையே அதற்குக் காவல் வைப்பது.

லோரென்ஸ் அம்மாள் கவலைப்பட்டு மேலே ஏறி வந்தார். கனகவல்லிக்கு உடம்பு சரியில்லையோ, பயந்துவிட்டாரோ என்று நினைத்தாராம். ஓரப் பார்வை இல்லாத கண், திரும்பும் படிக்கட்டு. இரண்டாவது திருப்பத்தில் கால் தவறியது.

சத்தம் கேட்டதும் கனகவல்லி கூடத்தைக் கடந்து, தம்பியின் முழங்காலை உரசிக்கொண்டு ஓடினார். அந்த வீட்டில் புறப்படுகிறவனுக்கு எதிரே அவர் வந்தது அதுவே முதல் தடவை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, போயிற்று. ஒன்பது மணிக்குச் சந்திரமௌலி கிளம்பினான். அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது. மாலையில் திரும்பி வந்து அக்காவிடம் அவன் சொன்னதைக் கிரிஜாவே பிறகு எங்களிடம் சொன்னாள்.

"ரெண்டு விதவைகள் சேர்ந்து கிளம்பினா இப்படித்தான் ஆகும். சகுனம்னு பெரியவா சும்மாவா சொல்லியிருக்கா?"

தான் தள்ளிவிட்ட ஆளைப் பார்த்து விழுந்தது உன் ராசி என்று சொல்கிற இந்தத் தர்க்கத்துக்கு எங்கள் ஊரில் சாஸ்திரம் என்று பெயர்.

மருத்துவமனையில் லோரென்ஸ் அம்மாள் முதலில் கேட்டது, "ஏன் வரவில்லை, கனகா?"

கனகவல்லி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிப் பார்த்தார். கணவன் இறந்தவள், தம்பி வெளியே போகிற நேரம், அவன் கண், கெட்ட காலம். சொல்லச் சொல்ல அந்த மொழியில் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

லோரென்ஸ் அம்மாள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "நானும் கணவன் இறந்தவள். தினமும் அந்தப் படிக்கட்டில் உன் தம்பிக்கு எதிரே வந்து காலை வணக்கம் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றார்.

"நீங்க வீட்டுக்காரி," என்றார் கனகவல்லி.

மறுநாள் காலை சந்திரமௌலி புறப்படும்போது கனகவல்லி கூடத்தில் நின்றார். அவன் திடுக்கிட்டு உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினான். அவர் அங்கேயே நின்றார்.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம்..."

"நான் இங்கேதான் நிப்பேன். நீ வேணும்னா கண்ணை மூடிண்டு போ."

உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக் குடித்தே இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனான். அப்புறம் கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு வெளியேறக் கற்றுக்கொண்டான். கோடையில் கார்ல்ஸ்ரூஹேக்குக் குடிபெயர்ந்தார்கள். கனகவல்லி போகவில்லை.

"எங்களோட வந்துடுங்கோ அக்கா, தனியா என்ன பண்ணுவேள்?" என்று கிரிஜா அழுதாள்.

"அந்த அம்மாவைப் படுக்கையில போட்டுட்டு நான் எங்கே வரது?" என்றார்.

லோரென்ஸ் அம்மாள் படுத்திருந்த மருத்துவமனையின் சமையல்கூடத்திலேயே பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தார்.

எலும்பு சரியாகச் சேரவில்லை. இலையுதிர்காலத்துக்குள் பார்வையும் போய்விட்டது. குர்ட்டின் பெயரை இனி அவர் படிக்கப் போவதில்லை. அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு மாலை வேலை முடிந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே வந்து உட்கார்ந்த கனகவல்லியிடம், "வரைபடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்படியானால் கிளம்பு. இன்று கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை."

அன்று ரோஸ்லேரில் இறங்கினார்கள். கனகவல்லி வரைபடத்தில் விரலை நகர்த்தி, வழியில் வரும் ஊர்ப் பெயர்களைத் தட்டுத்தடுமாறிப் படிப்பார். லோரென்ஸ் அம்மாள் திருத்துவார், வேகமாகப் போகாதே என்பார், ஆடுகள் குறுக்கே வருகின்றன என்பார். கார்க்கில் ஒரு மாலை. கெர்ரியில் இரண்டு மாலை, மலைப்பாதை என்பதால். கிளேரில் காற்று அதிகம், ஸ்பிரிட் அடுப்பு பற்றவே இல்லை என்று கனகவல்லி அலுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில் கிழவி தினமும் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரிப்பாளாம்.

கால்வேக்கு வந்ததும் பயணம் நின்றது.

"நாளைக்குக் கிளென்க்ரீ போகலாமா?"

"மழை பெய்கிறது. இன்னொரு நாள் இருப்போம்."

மறுநாளும் மழை. அதற்கு மறுநாளும். கனகவல்லிக்குப் புரிந்தது. கிளென்க்ரீயில் போய் நிற்கலாம், கல்லும் இருக்கும். அதில் எழுதியிருப்பதை, வரைபடத்தில் நகரும் கனகவல்லியின் விரலால் கண்டுபிடிக்க முடியாது. கால்வேயிலேயே இருந்தார்கள். டிசம்பரில் நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டே லோரென்ஸ் அம்மாள் ஒரு சாயங்காலம் சொன்னார்:

"மழை விட்டிருக்கிறதென்று நினைக்கிறேன். காலையில் கிளம்பிவிடலாம். நல்ல நேரம் பார்க்க வேண்டுமா உனக்கு?"

"வேண்டாம். நீங்க கார்ல ஏறினா அதுதான் நேரம்."

அடுத்த நாள் வேலை முடிந்து கனகவல்லி மேலே போனபோது கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள்.

அடக்கத்தின்போது மண் போட ஒவ்வொருவரையும் வரிசையாக அழைத்தார்கள். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்று வளர்க்கப்பட்ட கனகவல்லி, யார் பின்னாலும் ஒதுங்காமல் போய், கையாலேயே மண் அள்ளிப் போட்டார். வீட்டையும் காரையும் தூரத்து உறவினர் ஒருவர் வந்து விற்றுவிட்டுப் போனார்.

பிற்பாடு ஒருமுறை அவரைச் சந்தித்தபோது கேட்டேன், நீங்களாவது கிளென்க்ரீக்குப் போய்வரலாமே, நாங்கள் யாராவது துணைக்கு வருகிறோம் என்று. சமையல்கூட வாசலில் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு எதுக்குப்பா? அந்த மனுஷர் யாரோ, எனக்குத் தெரியாது. அந்த அம்மா பார்க்கணும். அவாதான் பார்த்திருக்கணும்."