பாரிஸ் மணிக்கூடும் பழப்புளியும்

மணிக்கூடு திருத்துகிறவனுக்குப் பொறுமை அதிகம் என்று சொல்பவர்கள், அதைத் திருத்தக் கொண்டுவருகிற சனத்தைச் சந்திக்காதவர்கள். என்னைப் போலப் பிறத்தியார் பொருளைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும். யூரோ நாணயம் வந்த மறுவருடம் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு மணிக்கூட்டுப் பட்டறையில் எனக்கு வேலை.

மெதுவாக ஓட்டியவர்

ஒரு பல் மருத்துவர், பாரிசில் செய்த பழைய மேசை மணிக்கூடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஊசலில் இரண்டு கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம். வெக்கையில் ஊசற்கம்பி நீண்டால் பாதரசம் மேலேறி நேரம் பிசகாமல் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு யோசித்துச் செய்தவன், வெள்ளி பூசிய முகப்பில் தன் பெயரைக் கறுப்பு மையால் பொடி எழுத்தில் எழுதியிருந்தான். வேறெங்கும் பெயர் இல்லை.

ஊசலைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று தொலைபேசியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் காரில் ஊசல் ஆட ஆடக் கொண்டுவந்து, ஊசல் தொங்கும் தகட்டை முறித்துவிட்டார். கேட்டால், "மெதுவாகத்தானே ஓட்டினேன்!" என்றார்.

கழுவுமேசை

எங்கள் பட்டறையில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்து மேசையில் எது இருந்தாலும் அது கழுவுவதற்கு. துப்புரவுக்கு வரும் யாழ்ப்பாணத்துப் புஷ்பம் அக்கா அதில் ஒன்றையும் விடமாட்டார். நான் கழற்றி வைத்த முகப்பை, தன் கோப்பிக்கு இடம் வேண்டுமென்று முதலாளி அங்கே தூக்கிப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் முகப்பு வெறும் பித்தளை. வெட்டிப் பதித்த எண்கள் தப்பிவிட்டன. வெள்ளியும் இல்லை, பெயரும் இல்லை. குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்! வாயில் வந்தபடி கத்தினேன். "தம்பி, ஒருக்கா வடிவாப் பாருங்கோ, எவ்வளவு ஊத்தை கிடந்தது தெரியுமே?"

பாராட்டு

முதலாளி அக்காவை அன்றே நிறுத்தப்போவதாகக் குதித்தார். வேலை போனால் அக்காவின் விசாவும் நீளாது. "மேசையில் போட்டது நீங்கள்தானே!" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்த நேரம் பார்த்து மருத்துவர் வந்துவிட்டார்.

முகப்பைப் பார்த்ததும், "தங்கம் மாதிரி இருக்கிறதே, யாருடைய வேலை?" என்றார். முதலாளி வெட்கமில்லாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பெயரைப் பற்றி மருத்துவர் கேட்கவே இல்லை. நான் சொன்னால் அக்காவின் பிழைப்பில் மண். முகப்பைத் துணியால் துடைத்து மணிக்கூட்டில் பூட்டினேன். மருத்துவர் போனதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்த அம்மா இருக்கட்டும். நாளைக்கு அந்தப் புளியை இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்."

மொத்தத்தில், செய்தவனின் பெயர் போனது, அழித்தவருக்கு வேலை நிலைத்தது, எனக்கு இரத்த அழுத்தக் குளிசை ஒன்று கூடியது.