ஆங்கில மெட்டு

1961 டிசம்பர் 31, ரயில்வே நடன அரங்கு: 12 ரூபாய்.
1965 மே 20, குரோம்பேட்டை கல்யாணம்: 5 ரூபாய்.
1971 ஏப்ரல் 11, ஈஸ்டர் ஆராதனை: ஒன்றுமில்லை.

ஒரே மெட்டு மூன்று விதமாக ஒலித்த தேதிகளும், அதற்காக அசரியாவுக்குக் கிடைத்ததும் இவை. தாம்பரம் ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்த அவர், ராக் அண்ட் ரோல் பித்தில் கிடாரில் தாமே போட்ட மெட்டு அது. முதலில் ஆங்கிலச் சொற்களை வைத்து வேகமாகப் பாடினார். பிறகு பேண்டு செட் பக்தவச்சலம் அதைக் கல்யாணத்தில் கிளாரினெட்டில் வாசித்தார்.

"இன்னாண்ணா, நீ போட்டதா? வெள்ளக்காரன் பாட்டுன்னுல்ல வாசிச்சிகினு கீறேன்!" என்று சிரித்து, ஐந்து ரூபாயை அசரியா கையில் திணித்தார். அசரியா சிரிக்கவில்லை.

கடைசியில் எங்கள் சபைப் பாடகர் குழு வேகத்தைக் குறைத்து, அதைக் கீர்த்தனையாக்கியது. 1974இல் அந்தக் கீர்த்தனை புதிய பாட்டுப் புத்தகத்தில் சேர்வதாகத் தெரிந்தது. பாட்டின் தலைப்பில் மெட்டு யாருடையது என்று போடுவார்கள்.

"அந்த ஒரு வரி போதும் சார்," என்றார் அசரியா. அப்போதே நுரையீரல் நோயில் படுத்திருந்தார். அவர் சொல்ல, பாடகர் குழுவில் இருந்த நான் புத்தகக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள். மேலே உள்ள தேதிகளை அனுப்பினேன்.

செப்டம்பர் 3 அன்று அவர் இறந்தார். அடக்க ஆராதனையில் புதிய புத்தகத்தைப் பார்த்து அந்தக் கீர்த்தனையையே பாடினோம். தலைப்பில் 'ஆங்கில மெட்டு' என்றிருந்தது.

அசரியா நேரில் வந்து வாசித்துக் காட்டினால் அடுத்த பதிப்பில் திருத்துவதாகக் குழுவின் கடைசிக் கடிதம் சொன்னது. அது வந்த தேதி, 1974 செப்டம்பர் 9.